மூக்காயியின் வாசல்

சாத்தங்குறிச்சியில் மாவு மில் வைத்திருக்கிற பவளக்கனியின் நிறம், ஆடி மாதத்து இரண்டாம் சனிக்கிழமை சாயங்காலம் ஆறேகால் மணிக்கு, அவள் யாருக்கோ இடியாப்பத்துக்கு அரிசி திரித்துக்கொண்டிருந்தபோது காணாமல் போனது. வெளுத்துப் போனாள் என்று நினைத்துவிடாதீர்கள். வெளுத்திருந்தால் அதுவும் ஒரு நிறம்தானே, பவுடர் கம்பெனிக்காரன் வந்து போட்டோ எடுத்திருப்பான். இது அப்படியில்லை. பார்க்கிறவர்கள் பார்த்தார்கள், ஆள் இருக்கிறாள், சேலை இருக்கிறது, கை கால் எல்லாம் இருக்கிறது, ஆனால் அவள் என்ன நிறம் என்று கேட்டால் ஒருத்தராலும் சொல்ல முடியவில்லை. எதிர்த்த டீக்கடை சுடலைமுத்து அண்ணாச்சி கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டே ரோட்டைத் தாண்டி வந்து ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்துவிட்டு, "லைப்ரரில வேலையை ஆரம்பிச்சிட்டாங்க போலிருக்கு" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போனார். ஊரும் அதோடு சமாதானம் ஆகிவிட்டது. புத்தகத்தில் கை வைத்தால் ஊரில் எங்கேயாவது இடிக்கத்தானே செய்யும்.

அந்தப் புத்தகம் எந்தப் புத்தகம் என்று சாத்தங்குறிச்சியில் யாரும் கேட்க மாட்டார்கள். அறுபது வருஷத்துக்கு முன்னால் அந்த ஊர்த் தொடக்கப்பள்ளி வாத்தியார் ஒருத்தர் எழுதிய 'ஏழு மலைக் குட்டான்' என்ற கதைப்புத்தகம் அது. காணாமல் போன ஆட்டுக்குட்டியைத் தேடி ஏழு மலை தாண்டிப் போகிற குட்டான் என்கிற பையனின் கதை. ஊரில் பிறந்த பிள்ளை ஒவ்வொன்றும் மூன்றாம் வகுப்பில் அதை வாசித்தாக வேண்டும், வாசித்த கையோடு தெருவில் போகிற வருகிறவர்களுக்கெல்லாம் அதிலிருந்து பெயர் எடுத்து வைத்தாக வேண்டும், அதுதான் வழக்கம். தாலுகா ஆபீஸில் தூங்கி வழிகிறவர் 'மலைப்பாம்பு'. பஸ் கண்டக்டர் 'நொண்டி நரி'. அந்தக் கதையில் முள்ளுக்காட்டுக்குள் ஒரு ராட்சசத் திருகையை வைத்துக்கொண்டு, வழிதவறி வரும் பிள்ளைகளை அரைத்து மாவாக்குகிற மூக்காயி என்றொருத்தி வருவாள். இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் பவளக்கனி புதுப்பெண்ணாக வேனிலிருந்து இறங்கினாள். நெடுநெடுவென்று உயரம், நல்ல கறுப்பு, கொக்கி மூக்கு, போதாக்குறைக்கு வாக்கப்பட்ட வீடு மாவு மில். மூன்றாம் வகுப்புப் பொடியன் ஒருத்தன் அவளைப் பார்த்ததும், "மூக்காயி வந்துட்டாடோய்!" என்று ஒரு கத்துக் கத்தினான். கெட்டிமேளத்தை விட அந்தச் சத்தம்தான் ஊருக்குக் கேட்டது.

அன்றிலிருந்து பஸ் ஸ்டாப் பெயரே மூக்காயி மில். சோறு உண்ணாத பிள்ளைகளிடம் தாய்மார்கள், "மூக்காயி மில்லுல கொண்டு போட்டிருவேன்" என்று சொல்வார்கள், அப்புறம் அதே தாய்மார்கள் கோதுமை திரிக்க வந்து நின்று, "என்ன மதினி, சாப்டாச்சா?" என்று கேட்பார்கள். பிள்ளைகளை மாவு திரிக்க அனுப்பினால் ஒன்றும் மில்லுக்குள் நுழையாது. ரோட்டோரத்து மைல்கல் மேல் டின்னை வைத்துவிட்டு, "மூக்காயீ... அரிசீ..." என்று கத்திவிட்டு டீக்கடைப் பக்கம் ஓடிப்போய் நின்றுகொள்ளும். பவளக்கனி வெளியே வந்து டின்னை எடுத்துக்கொண்டு போவாள், திரிப்பாள், சுடச்சுட மாவைக் கொண்டுவந்து மறுபடி கல்லின் மேல் வைத்துவிட்டு உள்ளே போவாள், அவள் தலை மறைந்த பிறகு பிள்ளை ஓடிவந்து டின்னைத் தூக்கிக்கொண்டு பறக்கும். புருஷன் எட்டு வருஷம் இருந்துவிட்டு மாரடைப்பில் போனான். பிள்ளை குட்டி இல்லை. மில்லும் மைல்கல்லும் மிச்சம்.

இதெல்லாம் இப்படி ஓடிக்கொண்டிருந்தபோதுதான் புத்தகத்துக்கு மணிவிழாப் பதிப்பு போடுவது என்று முடிவாகி, இந்தக் காலத்துப் பிள்ளைகள் மனம் நோகாதபடி அதைத் திருத்துவதற்கு லைப்ரரியில் ஒரு குழு சனிக்கிழமைதோறும் கூட ஆரம்பித்தது. குழுவுக்குத் தலைவி ஹைஸ்கூல் ஹெட்மிஸ்ட்ரஸ் எஸ்தர் ஜெயசீலி. பச்சை மசிப் பேனா அவர் கையில். எழுதிய வாத்தியாரின் மகன், பேங்கில் இருந்து ரிட்டையரான நெல்லைநாயகம், ஒரு புள்ளியையும் தொடக்கூடாது என்று வாரா வாரம் வந்து சண்டை போட்டுவிட்டு வாரா வாரம் தோற்றுப் போவார். முதல் சனிக்கிழமை அட்டையைப் பற்றிப் பேசியே பொழுது போய்விட்டது. இரண்டாம் சனிக்கிழமைதான் டீச்சர் பேனாவைத் திறந்து 'கறுத்த கொடியவள் மூக்காயி' என்பதில் மூன்றாவது வார்த்தையை மட்டும் விட்டுவிட்டு மற்றதை அடித்தார்.

நிறம் போனதில் பவளக்கனிக்கு என்ன நஷ்டம் என்று கேட்கலாம். ஜவுளிக்கடையில் போய் நின்றால் கடைப்பெண் சேலையை அவள் தோளில் வைத்துப் பார்த்துவிட்டு, "எது எடுக்கும்னு தெரியலையேக்கா" என்று திணறினாள். ஆதாருக்குப் புதுப் போட்டோ எடுக்கப் போனால் கேமராக்காரன் மூன்று தரம் லென்ஸைத் துடைத்தான். ஊர் என்ன சொன்னது தெரியுமா? "நல்லதுதானே மதினி, இனிமே யாரும் உங்களைக் கறுப்புன்னு சொல்ல முடியாதுல்லா!" என்றது. அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அடுத்த சனிக்கிழமை 'ஊரைக் கூட்டும் குரல்' என்பதை அடித்துவிட்டு 'மென்மையான குரல்' என்று எழுதினார்கள். மாவு மில்லில் மென்மையான குரலை வைத்துக்கொண்டு என்ன செய்ய? மிஷின் ஓடுகிற இரைச்சலுக்கு மேலே, "மிளகாய் யாரு? மல்லி யாரு? ஏ, சிவப்பு டின் யாருடையது?" என்று தொண்டை கிழியக் கத்தினால்தானே தொழில்! அவள் வாயைத் திறந்தால் தாலாட்டு மாதிரி வந்தது. ஒருத்தி வீட்டு மிளகாய்த்தூள் இன்னொருத்தி வீட்டுக்குப் போய், அந்த வீட்டு மாப்பிள்ளை சத்துமாவு என்று கரைத்துக் குடித்துவிட்டு ஆஸ்பத்திரியில் கிடந்தார். ஆத்திரம் தாங்காமல் சுடலைமுத்து அண்ணாச்சியிடம் போய், "இந்தக் குழுக்காரங்க கட்டையில போக!" என்றாள். அவர் கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, "ஆகா, காதுக்கு எவ்வளவு இதமா இருக்கு பவளம், இன்னொரு தரம் சொல்லு" என்றார்.

அதற்கு அடுத்த சனிக்கிழமை கொக்கி மூக்கு 'இயல்பான மூக்கு' ஆனது. கண்ணாடியில் பார்த்தாள். மூக்கு இருந்தது. யாருடைய மூக்காக வேண்டுமானாலும் இருக்கலாம் என்கிற மாதிரி இருந்தது. மூக்குத்தி போட்ட துளை தூர்ந்துபோய், சிவப்புக்கல் மூக்குத்தி கழன்று கோதுமை மாவுக்குள் விழுந்து கிடந்தது. புருஷன் போன பதினாறாம் நாள் சொந்தக்காரிகள் எல்லாம் சேர்ந்து கழற்றச் சொன்னபோது முடியாது என்று ஒற்றைக்காலில் நின்று காப்பாற்றிய மூக்குத்தி அது. மாவைச் சலித்து அதை எடுத்து மஞ்சள் டப்பாவுக்குள் போட்டு வைத்துவிட்டு, அன்றைக்கு அவள் மில்லைப் பூட்டிவிட்டு அழுதாள். அந்த அழுகையும் மென்மையாகத்தான் வந்தது, சனியன்.

நாலாவது திருத்தம்தான் ஊரைத் தொட்டது. 'பிள்ளைகளை அரைத்து மாவாக்குவாள்' என்பதை டீச்சர் 'சிறுதானியங்களை அரைத்து மாவாக்குவாள்' என்று மாற்றினார். மறுநாள் காலையிலிருந்து மில்லில் எதைக் கொட்டினாலும் சிறுதானியமாக வந்தது. பச்சரிசி போட்டால் கம்பு மாவு. கோதுமை போட்டால் கேப்பை. மஞ்சள் போட்டால் தினை, மிளகாய் போட்டால் சோளம், அதுவும் துளி காரம் இல்லாமல். இரண்டு நாள் ஊர் முணுமுணுத்தது, மூன்றாம் நாள் பழகிக்கொண்டது. சர்க்கரை வியாதிக்காரர்கள் பையைத் தூக்கிக்கொண்டு பக்கத்து ஊர்களிலிருந்தெல்லாம் வந்தார்கள். கல்யாண வீட்டில் தினை லட்டு போட்டார்கள், கோயில் கொடையில் சாமிக்குச் சோளப் பொங்கல் வைத்தார்கள், சாமியாடி ஒரு வாய் தின்றுவிட்டு, "என்னடா இது?" என்று கேட்டதற்கு, "ஒடம்புக்கு நல்லது சாமி" என்று சொல்லிச் சமாளித்தார்கள். குழம்புக்குக் காரத்தூள் வேண்டும் என்றால் மட்டும் பதினெட்டு கிலோமீட்டர் பஸ் ஏறிப் போனார்கள். ஒருத்தராவது லைப்ரரிக்குப் போய், 'ஏன்யா, அந்தப் பொம்பளை என்னய்யா பாவம் செஞ்சா?' என்று கேட்டார்களா என்றால், அதுதான் இல்லை.

வியாழக்கிழமை அண்ணாச்சி டீயோடு வந்தார். முகம் சரியில்லை.

"பவளம், ஒண்ணு கேள்விப்பட்டேன். வார சனிக்கிழமை மூக்காயியை மொத்தமாவே எடுத்திரப் போறாங்களாம். திருத்தித் திருத்திப் பாத்தாங்களாம், எப்படி எழுதினாலும் யாருக்காவது மனசு நோகத்தான் செய்யுதாம். அதனால குட்டான் முள்ளுக்காட்டுக்குள்ளயே போகாம, நேரா பஸ் ரோட்டுல போயிருதானாம்."

"அப்ப நான்?" என்றாள் பவளக்கனி, அந்தப் பாழாய்ப் போன இதமான குரலில்.

அவர் கிளாஸை வாங்கிக்கொண்டு போனார்.

வெள்ளிக்கிழமை முழுக்க மில் வாசலில் கூட்டம் தாங்கவில்லை. சனிக்கிழமைக்குள் திரித்துவிட வேண்டும் என்று ஊரே டின்னைத் தூக்கிக்கொண்டு வந்தது. மிஷினை விற்பதாக இருந்தால் முதலில் தன்னிடம் சொல்லும்படி ஒருத்தர் கேட்டுக்கொண்டார். பின்வீட்டுக்காரி, "நீங்க போனப்புறம் அந்த முருங்கை மரத்துல நான் பறிச்சுக்கிடலாமா மதினி?" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டே கேட்டாள். வியாபாரிகள் சங்கத்தில் வழியனுப்பு விழா வைக்கலாமா என்று யோசித்து, எங்கே போகிறாள் என்று நோட்டீஸில் என்ன போடுவது என்று தெரியாமல் விட்டுவிட்டார்கள். எல்லோரும் அன்பாகத்தான் இருந்தார்கள், அதுதான் அவளுக்கு எரிச்சல். இருக்கிறவளை வழியனுப்ப வந்தவர்களே தவிர, போகாதே என்று சொல்ல ஒரு நாதி இல்லை.

சனிக்கிழமை நாலு மணிக்கு அவள் மஞ்சள் டப்பாவை இடுப்பில் செருகிக்கொண்டு லைப்ரரிக்குப் போனாள். உள்ளே நெல்லைநாயகம் மேஜையைத் தட்டிக்கொண்டிருந்தார். "எங்கப்பா எழுதினது எழுதினதுதான்! ஒரு புள்ளி நகரப்படாது!"

எஸ்தர் டீச்சர் பொறுமையாக, "உங்கப்பா எழுதினதைத்தான் சார் எங்க கிளாஸ்ல என் மேல ஒட்டினாங்க. அஞ்சு வருஷம் எனக்கு மூக்காயின்னுதான் பேரு. ஹாஜர் எடுக்கும்போது என் பேரைச் சொன்னா பின்னாலருந்து மாவு திரிக்கிற சத்தம் போடுவாங்க. இன்னொரு பிள்ளைக்கு அது வரப்படாது" என்றார்.

பவளக்கனி பேச ஆரம்பித்தாள். ஒருத்தருக்கும் கேட்கவில்லை. மேலே ஓடுகிற பழைய ஃபேனின் சத்தமே அவள் குரலை விழுங்கிவிட்டது. போய் ஃபேனை நிறுத்தினாள். மேஜைக்குப் பக்கத்தில் வந்து, பச்சைப் பேனாவின் மேல் கையை வைத்துக்கொண்டு சொன்னாள்: "டீச்சர், எனக்கு உங்ககூடச் சண்டை போடணும். முதல்ல என் குரலைக் குடுங்க."

நியாயமாகப் பட்டது டீச்சருக்கு. பக்கத்தைத் தேடி 'மென்மையான' என்பதை அடித்து, பழையபடி எழுதினார்.

"ஏன் டீச்சர்!" என்றாள் பவளக்கனி. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது, பேப்பர் படித்துக்கொண்டிருந்த இரண்டு பேர் எழுந்து நின்றார்கள், டீக்கடையில் அண்ணாச்சி கையில் இருந்த கிளாஸைக் கீழே போட்டார். "இவரு என்னடான்னா என்னை அப்படியே வச்சிரணுங்காரு. நீங்க என்னடான்னா என்னை அப்படியே எடுத்திரணுங்கிய. அஞ்சு சனிக்கிழமையா ஒக்காந்து பேசுதியளே, நாலு எட்டு எடுத்து வச்சா மில்லு, ஒரு தரம் வந்து 'ஏளா பவளம், ஒனக்கு என்ன வேணும்?'னு கேட்டியளா?"

அவள் மேஜையின் மேல் கையை நீட்டினாள்.

"அந்தப் புஸ்தகத்தைக் குடுங்க."

"நீங்க வாசிச்சதில்லையா?" என்றார் டீச்சர்.

"நான் எங்க வாசிக்க? எங்க ஊரு வள்ளியூருக்கு அங்கிட்டு. நான் மூணாம் வகுப்புல வேற பாடம் படிச்சேன். என்னைத் தவிர ஊரே வாசிச்சிருக்கு."

மூக்காயி வருகிற இரண்டு அத்தியாயத்தையும் அவள் விரலை வைத்து நிதானமாக வாசித்து முடிக்கிற வரைக்கும் குழு காத்திருந்தது. டீ ஆறி ஆடை படிந்தது. பாதி வாசிக்கும்போது அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இந்தக் குட்டான் பய வாரான், கேக்காம உள்ள போயி இவ மாவை அள்ளித் திங்கான், திருகைப் பிடியை ஒடிச்சுப் போட்டுட்டு ஓடுதான். அவன் வீரனாம், இவ கொடியவளாம்! நல்லாத்தான் இருக்கு கதை." அப்புறம் புரட்டி, ஒரு வரியில் விரலை வைத்து நிறுத்தினாள்.

"இதை எடுத்திருங்க" என்றாள்.

டீச்சர் குனிந்து வாசித்தார். 'மூக்காயியின் வாசலை எந்தப் பிள்ளையும் மிதிப்பதில்லை. அவளுக்கும் அது பழகிப்போயிற்று.'

"இதுல தப்பான வார்த்தை ஒண்ணுமே இல்லையே" என்றார் டீச்சர். "நாங்க மூணு தரம் பாத்துட்டோம். நான் பிள்ளைகளுக்கு ரசிச்சுச் சொல்லிக் குடுக்கிற வரி இது."

நெல்லைநாயகமும் பதறிவிட்டார். "அம்மா, அது எங்கப்பா எழுதினதுலயே உசந்த வரி! வருஷா வருஷம் நினைவு நாள்ல அதைத்தான் வாசிப்போம். எத்தனை பேரு அழுதிருக்காங்க!"

ஐந்து சனிக்கிழமையாக எலியும் பூனையுமாக இருந்த இரண்டு பேரும் முதல்முறையாக ஒன்றாகச் சேர்ந்து தலையாட்டினார்கள். பவளக்கனி தலையில் கையை வைத்துக்கொண்டாள்.

"எல்லாரும் அழுதிய. சரி. அழுதுட்டு எந்திரிச்சுப் போயி, 'டின்னைக் கல்லு மேல வச்சிட்டு ஓடியாந்திரு'ன்னு பிள்ளைகிட்டச் சொல்லி அனுப்புதிய. இருபத்திரண்டு வருஷம் சார். நாங்கூட முதல் ரெண்டு வருஷம் தட்டுல முறுக்கு போட்டு வாசல்ல வச்சுப் பாத்தேன். காக்காதான் தின்னுச்சு." அவள் புத்தகத்தை அவர் பக்கம் திருப்பி வைத்தாள். "பழகிப்போயிற்றாமே. எனக்குப் பழகலை."

அந்தப் பெரிய குரலில் அவள் அதைக் கத்திச் சொல்லவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னாள்.

நெல்லைநாயகம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அப்பா இதை எழுதும்போது நீங்க பிறக்கவே இல்லையேம்மா. அவருக்கு உங்களைத் தெரிஞ்சிருந்தா..."

"தெரிஞ்சிருந்தா என்ன செஞ்சிருப்பாரோ, அதை நீங்க செய்யுங்க."

ஒரு புள்ளி நகரக்கூடாது என்று சொன்ன மனுஷன், எஸ்தர் டீச்சர் கையிலிருந்து பேனாவை வாங்கி, அப்பாவின் வரியைத் தானே அடித்தார். அடித்துவிட்டுக் கொஞ்ச நேரம் பக்கத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அவருக்கும் அது நஷ்டம்தான், இல்லையென்று சொல்ல முடியாது.

மற்றதெல்லாம் சந்தைப் பேரம் மாதிரி நடந்தது. மூக்கு திரும்பி வந்தது. அரைக்கிற விஷயத்தில் டீச்சர் தயங்கினார். "பிள்ளைகளை அரைக்கான்னு எப்படி மறுபடி எழுத?" என்றார். "அத்தனை வருஷம் அப்படித்தானே இருந்துச்சு, எந்தப் பிள்ளையோட சுண்டுவிரலையாவது அரைச்சிருக்கேனா? அரைக்காத பேயை எந்தப் பிள்ளை டீச்சர் கேக்கும்? ஊரே மிளகாய்த்தூள் இல்லாம நாக்குச் செத்துக் கெடக்கு, எழுதுங்க" என்றாள் பவளக்கனி. கடைசியாக 'கறுத்த கொடியவள்' வந்தபோது டீச்சர் பேனாவை மூடிவிட்டார்.

"இதை நான் திரும்ப எழுத மாட்டேன் பவளக்கனி. இது ஒங்க மேல மட்டும் விழுந்ததில்ல."

பவளக்கனி டீச்சரின் முகத்தைப் பார்த்தாள். நல்ல கறுப்பு, பவுடர் போட்ட கறுப்பு. "ஒங்க மேல ஒட்டினது புஸ்தகமா, கூட ஒக்காந்திருந்த பிள்ளையளா?"

"ரெண்டும்தான்."

கொஞ்சம் யோசித்தாள். "சரி, கொடியவளை நீங்க எடுத்துக்கிடுங்க. கறுப்பை மட்டும் எனக்குக் குடுத்திருங்க. அது எங்கம்மா குடுத்தது."

டீச்சர் பேனாவைத் திறந்தார்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. காலையில் பவளக்கனி மஞ்சள் டப்பாவைத் திறந்து மூக்குத்தியைப் போட்டுக்கொண்டு, மில்லைத் திறந்து, மிஷினில் ஒரு படி நொய்யைக் கொட்டி ஓட்டிப் பார்த்தாள். அரிசி மாவாகவே வந்தது. ஒன்பது மணிக்கு ஜெனிலா என்கிற மூன்றாம் வகுப்புப் பிள்ளை டின்னோடு வந்தது. மைல்கல் வரைக்கும் வந்தது, டின்னை வைக்கக் குனிந்தது. பவளக்கனி மிஷின் பக்கம் திரும்பிக்கொண்டாள். எத்தனை வருஷமாகப் பார்த்தாயிற்று, இன்னொரு தரம் பார்க்க அவளால் முடியவில்லை.

"அரிசி" என்று முதுகுக்குப் பின்னால் கேட்டது.

கத்தல் இல்லை, பக்கத்தில். திரும்பினாள். பிள்ளை வாசற்படியைத் தாண்டி உள்ளே நின்றுகொண்டிருந்தது. டின்னை நெஞ்சோடு சேர்த்துக் கட்டிப் பிடித்துக்கொண்டு, அண்ணாந்து, மிஷினின் பெரிய வாயையும் அவளுடைய மூக்கையும் மாறி மாறிப் பார்த்தது.

"இது நெசமாவே பிள்ளைகளை அரைக்குமா?"

பவளக்கனி குனிந்து பார்த்தாள். பிள்ளையின் காலைச் சுற்றி, அலசி மெழுகின தரையெல்லாம் தெருச் சகதி.

"அரைக்கும்!" என்று ஒரு சத்தம் போட்டாள், பஸ் ஸ்டாப் வரைக்கும் கேட்டது. "செருப்போட உள்ள வார பிள்ளையை மட்டும் அரைக்கும்! போயி வெளிய கழட்டிட்டு வாட்டீ!"

பிள்ளை ஒரே ஓட்டமாக வெளியே ஓடியது. பவளக்கனி, வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கக் கூடாதா என்று தன்னையே திட்டிக்கொண்டு வாசலுக்கு வந்து எட்டிப் பார்த்தாள். ஜெனிலா படியில் உட்கார்ந்து செருப்பு வாரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தது. அதற்குப் பின்னால், டீக்கடைப் பக்கத்திலிருந்து டின்னும் தூக்குச்சட்டியுமாக இன்னும் ஏழெட்டுப் பிள்ளைகள் ரோட்டைத் தாண்டி வந்து, மைல்கல் பக்கத்தில் நின்று, ஒவ்வொன்றாகச் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தன.